முதுகில் போட்ட பவுடர் கோடு

அக்கா,

போன ஞாயிறு சர்ச்சில் எனக்கு ஒரு பவுடர் டப்பா கொடுத்தார்கள். அன்னையர் ஞாயிறு. தாய்மார்களுக்கு வருஷா வருஷம் ஏதாவது ஒன்று கொடுப்பது வழக்கம்தானே. ஒரு வருஷம் டிபன் டப்பா, ஒரு வருஷம் கைக்குட்டை, இந்த வருஷம் சந்தன வாசனை பவுடர். பெண்களெல்லாம் வாங்கி முடித்த பிறகு பாஸ்டர் மைக்கைத் தட்டி, "தாயைப் போல ஒருத்தரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் முன்னால் வரலாம்" என்றார். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். எனக்கு உடனே சந்தேகம். இத்தனை காலமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறவனை இன்றைக்கு எதற்குத் தேடுகிறார்கள்? அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாற்காலி தூக்க ஆள் குறைகிறதோ?

ஐம்பது வயது ஆண்பிள்ளை, மீசையும் நானுமாக அம்மாக்களுக்கு நடுவில் போய் நின்று பவுடர் டப்பா வாங்கினேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆனால் ஒருத்தர்கூட, "எபியை யார்கிட்ட விட்டுட்டு வந்த?" என்று கேட்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திருகினேன். அந்த வாசனை வந்ததும் நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிறீர்கள் என்றே ஒரு கணம் தோன்றிவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்து, திருப்பதியில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் நான் குடியேறிய அன்று நீங்கள் வாசலில் நின்று என்னை விசாரித்தது போல எந்தப் போலீஸ்காரரும் விசாரித்திருக்க மாட்டார்.

"இன்னா வேலை?"

"ஸ்ரீ சிட்டில கம்பெனி வேலைங்க. ஷிப்டு."

"கல்யாணம் ஆவலயா? ஏன் ஆவல? உனுக்கு இன்னா கோளாறு?"

"அமையலைங்க."

"அமையல," என்று நீங்கள் திருப்பிச் சொன்ன விதத்தில், நான் ஏதோ கொலைக் கேஸில் தப்பி வந்தவன் போல எனக்கே தோன்றியது. உங்கள் பின்னால் கட்டிலில் உங்கள் மகன் எபி படுத்திருந்தான். முப்பதைத் தொட்டவன், நடக்க வராது, பேச வராது. உள்ளே குக்கர் விசில் அடித்ததும் அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

நீங்கள் யாரைத்தான் நம்பினீர்கள்! பால்காரர் ஊற்றிய பாலை முதலில் நீங்கள் குடித்துப் பார்த்துத்தான் எபிக்குக் கொடுப்பீர்கள். கை கால் நீவிவிட வந்த பையன் எபியைத் தொடும் முன் அவன் நகத்தைப் பார்ப்பீர்கள். பென்ஷனுக்காக எபியின் கைரேகை எடுக்க சச்சிவாலயத்திலிருந்து, அதாவது வார்டு ஆபீஸிலிருந்து, வந்த பெண்ணிடம் தெலுங்கில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அவளால் பதில் சொல்லி மாளவில்லை. "எந்துக்கம்மா அந்த அனுமானம்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். ஏனம்மா இவ்வளவு சந்தேகம் என்று. நீங்கள் தமிழுக்குத் தாவி, "வாய் இருக்கறவன் அவனே கேட்டுக்குவான். இவனுக்கு நான்தான் கேக்கணும்" என்றீர்கள். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு இருந்தது நீங்கள் ஒருத்தர்தான். உங்களுக்குப் பிறகு யார் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் வருகிறவர் போகிறவரையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு அன்னையர் ஞாயிறு நினைவிருக்கிறதா? எபியின் சக்கர நாற்காலியை நான் தள்ள, அதன் கைப்பிடியை விடாமல் நீங்கள் பக்கத்தில் நடக்க, தமிழ் ஆராதனைக்குப் போயிருந்தோம். தெலுங்கு ஆராதனைக்காரர்கள் வெளியே காத்திருந்ததால் பாஸ்டர் அவசரத்தில் இருந்தார். உலகமெங்கும் கஷ்டப்படுகிற தாய்மாருக்காக ஜெபிப்போம் என்று திரையில் படம் போட்டார்கள். போர் நடக்கிற ஏதோ ஒரு நாட்டில் பெண்கள் காலி டப்பாவோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற படம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நீங்கள் மூடவில்லை. எழுந்து நின்றீர்கள்.

"ஐயா, இவங்க எல்லாம் லைன்ல நிக்கறாங்களே, பிள்ளைங்க யார்கிட்ட கீது?"

பாஸ்டர் திகைத்துப் போனார். "கர்த்தருடைய கையிலம்மா" என்றார்.

"அது தெரியுது ஐயா. இங்க கீழ, யார்கிட்ட?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பாஸ்டரை நம்பவில்லை, படத்தை நம்பவில்லை, இனிக் கடவுளையும் விசாரிக்கக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அந்தப் பெண்களை நிஜமான பெண்களாகப் பார்த்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று இப்போது படுகிறது.

அதற்கடுத்த வருஷ அன்னையர் ஞாயிறு நெருங்கியபோது, உங்களுக்குச் சால்வை போர்த்தப் போவதாக மாதர் சங்கத்து அம்மா வீடு தேடி வந்து சொன்னார். அவர் போனதும், "சும்மா போத்த மாட்டாங்க தம்பி. பின்னால ஏதோ இருக்குது" என்றீர்கள். இருந்தது. சித்தூர் பக்கம் ஒரு நல்ல இல்லம் இருக்கிறது, எபியை அங்கே சேர்த்தால் உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்று மறுநாளே அவர் போனில் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். நீங்கள் சால்வையை வாங்குவதென்றும் இல்லத்தை வேண்டாமென்றும் முடிவு செய்தீர்கள். ஆனால் அந்த ஞாயிறு எபிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் முதல் தடவையாக அவனை என்னிடம் விட்டுப் போனீர்கள்.

பொழுதுக்கும் நீங்கள் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பது எனக்குத் தெரியும். "திரும்புடா ராஜா" என்ற உங்கள் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். திருப்பாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். அதே போல நானும் திருப்பினேன். திருப்பியபோது அவன் முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, பவுடரில் கெட்டியாக ஒரு கோடு. பாதி அழிந்து, அடியில் விரித்த போர்வையில் இழுவிக் கிடந்தது. வேர்வைக்குப் போட்டது என்றால் முதுகு முழுக்க அல்லவா இருக்கும்? அவனைத் திருப்பாமல் விட்டிருந்தால் கோடு போட்டபடி நேராக அப்படியே இருந்திருக்கும். எனக்கு வைத்த சோதனை என்று புரிந்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

பாதி ஆராதனையில் ஆட்டோ பிடித்து வந்தீர்கள். தோளில் சால்வை அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமல் நேராகப் போய் எபியின் முதுகுக்கு அடியில் கைவிட்டீர்கள். போர்வையைப் பார்த்தீர்கள். பிறகு எனக்குக் காப்பி போட்டீர்கள்.

"என்மேல நம்பிக்கை இல்லன்னா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுக்கா," என்றேன்.

"கோவமா? கோவம் வந்தா நல்லதுதான். நீ தலைய குனிஞ்சிகினு நின்னிருந்தாதான் நான் பயந்திருப்பேன். காப்பிய குடி."

அதற்குப் பிறகும் கோடு நிற்கவில்லை. மருந்துக்கடைக்குப் போனாலும் கோடு, பாலசமுத்திரத்தில் உங்கள் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கோடு. நானும் பழகிவிட்டேன். போர்வையை வேண்டுமென்றே உதறாமல் வைப்பேன், நீங்கள் பார்க்கட்டும் என்று.

உங்கள் வயிற்று வலியை எங்களிடம் மறைத்தீர்கள். ஆஸ்பத்திரியை நீங்கள் நம்பாதது ஆச்சரியமில்லை, ஆனால் என்னிடமாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் பிறகு எபியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் ஒரு வார்த்தை நீங்கள் கேட்டதில்லை. ஒருநாள் நானே பேச்சை எடுத்தபோது, "கேட்டா எல்லாரும் ஆவட்டும்னுதான் சொல்லுவாங்க தம்பி. அதனால கேக்கறதில்ல" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு வலித்தது.

கடைசியாக உங்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோமே, அன்று நான் எபியிடம் வந்து அவனைத் திருப்பினேன். பழக்கத்தில் முதுகைப் பார்த்தேன். கோடு இல்லை. போர்வையைப் பார்த்தேன். அதிலும் இல்லை. விளக்கைப் போட்டுத் தடவிக்கூடப் பார்த்தேன் அக்கா. சுத்தமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து உங்கள் தம்பியும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்து அந்தச் சித்தூர் இல்லத்தைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் தம்பி நல்லவர். "அங்க வேளைக்குச் சோறு துன்னுவான், ஒரு குறையும் இருக்காதுப்பா" என்றார். "அங்க ராத்திரில யாரு திருப்புவாங்க?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது உங்கள் குரல். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தெரு உடனே என்னைச் சந்தேகப்பட்டது. ஒட்டா உறவா, இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. எபிக்காகச் சந்தேகப்பட நாலு பேர் இருக்கட்டும். கம்பெனி வேலையை விட்டுவிட்டு அடுத்த தெரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தேன். நான் கடையில் இருக்கும் நேரத்துக்கு எதிர்வீட்டு வள்ளி வந்து உட்காருகிறாள்.

போன ஞாயிறும் அவள்தான் இருந்தாள். சர்ச்சில் அன்றும் திரையில் படம் போட்டார்கள். ஏதோ ஒரு முகாம், சேற்றில் நிற்கிற பெண்கள். எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. பிள்ளைகள் யாரிடம், பிள்ளைகள் யாரிடம் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பவுடர் டப்பாவோடு வீட்டுக்கு வந்ததும் எபியின் முதுகுக்கு அடியில் கைவிட்டேன். போர்வையைப் பார்த்தேன். காலையில் நான் போட்ட கோடு அதில் இழுவிக் கிடந்தது. ஆமாம் அக்கா, நானும் போடுகிறேன். வள்ளி பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா இது? என்ன வேவு பாக்கறியா? இனிமே நீயே பாத்துக்கோ போ!" என்று கத்தினாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. அடுப்பை மூட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே குடித்தாள். மறுநாள் காலையில் நேரத்துக்கு வந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று கோடு போட மறந்துவிட்டீர்களா? கைக்குத் தெம்பில்லையா? இல்லை, என்னை நம்பித்தான் போனீர்களா? நம்பித்தான் போனீர்கள் என்று எபியைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டுச் சந்தேகப்படுகிறேன். அதனால் மறுபடியும் சரியாகத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்.