சம்பந்திக்கும் பூசிய களிம்பு

அன்பு மகள் மெரியோனிக்கு,

இங்கே எல்லோரும் நலம், இருமலோ காய்ச்சலோ இதுவரை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, சிட்னியில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே எங்களிடம் வளரும் உன் மகன் ஜோசாயா போனில் சிரங்கு வந்த முதுகைத் திருப்பிக் காட்டியதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், முதலில் சாப்பிடு, பிள்ளை தேறிவிட்டான். ஊரடங்கில் வீட்டில் இத்தனை பிள்ளைகளும் ஒரே பாயில் உருண்டால் கொரோனா வருகிறதோ இல்லையோ சிரங்கு வந்துவிடுகிறது. நர்ஸம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்று களிம்பை நீட்டி, கழுத்துக்குக் கீழே வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், ஒருத்தரை விட்டாலும் பிள்ளைக்குத் திரும்ப வந்துவிடும் என்று சொல்லிப் போனாள். பூசினோம், பாய் படுக்கையெல்லாம் வெயிலில் போட்டோம், ஆனால் ஒருத்தரை விட்டுவிட்டோம். வேறு யார், உன் மாமனார் சக்கியூசாதான். பேரனைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், அவர் ஊரான கந்தாவுத் தீவுக்குக் கப்பல் நின்றுபோனதால் மாதக்கணக்கில் நம் வீட்டில்தான் இருக்கிறார். சம்பந்தியிடம் போய்ச் சட்டையைக் கழற்றுங்கள், உங்களுக்கும் சிரங்கு இருக்கும் என்று எந்த வாயால் சொல்வது, நீயானால் சொல்லியிருப்பாயா?

நர்ஸம்மா சொன்னபடியே திரும்ப வந்தது. இந்தத் தடவை விரலிடுக்கெல்லாம் சீழ், மரவள்ளிக்கிழங்கைக்கூடப் பிடிக்க முடியாமல் பிள்ளை அழுதான். உன் அம்மா என்னைப் பார்த்து, "உங்க மரியாதையைக் கொழந்த ஒடம்புலயா காட்டுவீங்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டு, நல்ல பாயை விரித்து, பெரியவர்களுக்கு நம் வழக்கப்படி காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேர்க்கட்டை வைத்து அதன்மேல் களிம்புக் குழாயையும் வைத்து, அவர் குலம், அவர் தலைவர்கள், அவர் தீவின் கடல் என்று முறைப்படி எல்லாரையும் வாழ்த்தி, இந்த அற்பக் குழாயை ஏற்று எங்கள் வீட்டைக் கௌரவிக்க வேண்டும் என்றேன். அவர் கையைக் குவித்துத் தட்டி, குழாயை இரண்டு கையாலும் வாங்கி, என் பேச்சுக்குக் குறையாத நீளத்தில் பதில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, வந்த கொஞ்ச நாள்லயே எனக்கு அரிப்பு தாங்கல. சொன்னா ஒங்க வீட்டுப் பாயக் கொற சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு தென்னமரத்துல முதுகத் தேச்சுக்கிட்டிருந்தேன்." நானோ, மனிதர் தனியாக ஜெபிக்கப் போகிறார் என்று அந்தப் பக்கம் யாரையும் விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தேன்!

மறுபடி எல்லோரும் ஒரே நாளில் பூசினோம், தாத்தாவின் முதுகுக்கு ஜோசாயாதான் பூசினான், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்தான். இப்போது புண்ணெல்லாம் காய்ந்துவிட்டது, இரவில் சொறியாமல் கையை விரித்துப்போட்டுத் தூங்குகிறான். அந்தக் கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் அம்மாவிடம் சொல்லாதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பார், எல்லை திறந்து நீ வந்து பிள்ளையைத் தூக்கும் நாளையும் அவரே தருவார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மாமனார் போனுக்கு வந்தால் கப்பலைப் பற்றிக் கேள், முதுகைப் பற்றிக் கேட்காதே.

உன் அப்பா,
நெத்தானி