தானாகத் திறக்கும் கதவு

லீட்ஸ், கல்லறைத் திருநாள், 2011

அக்கா,

இன்னைக்கு அம்மா உன் கல்லறையில மெழுகுதிரி கொளுத்தியிருப்பா. எனக்கு இங்க வகுப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைதான் பாடம்.

எங்க வகுப்புக் கட்டடத்து வாசல்ல ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினா கதவு தானா திறக்கும். போலியோ காலோட தரையில இருந்துக்கிட்டே நீ எட்டிடலாம். ஒரு வாரமா நான் வரும்போதெல்லாம், யாரும் அமுக்காமலே திறக்குது. நேத்து பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். கையில கடல்மணல் ஒட்டுச்சு.

வகுப்புல டீச்சர் கேட்டாங்க: “தீப்பிடிச்சா, நடக்க முடியாதவங்க எப்படி வெளியே வருவாங்க?”

2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள், நாங்க பூசைக்குப் புறப்படும்போது நீ சொன்ன: “ஏட்டி, கதவைத் தொறந்து போட்டுட்டுப் போ, காத்து வரட்டும்.” நாய் ஏறிடும்னு எப்பவும்போல வெளியே பூட்டிட்டுப் போனேன். பூசை நேரத்துலதான் கடல் ஊருக்குள்ள ஏறிச்சு.

அந்த வீட்டுச் சாவியை இங்கயும் மேசையில வச்சிருந்தேன். இப்ப காணல. நான் அறையைப் பூட்டுறதே இல்ல. ஆனா நான் உள்ள இருக்கும்போதே கதவு வெளியே பூட்டியிருக்கு. தட்டித் தட்டிக் கை வலிச்சபிறகுதான் இதை எழுதுறேன்.

நீ எவ்வளவு நேரம் தட்டின, அக்கா?

உன் தங்கச்சி