உன் தயிர் இனித்தது, மச்சான்

இன்று காலை பாடாங் மேஹா முச்சந்திக் கடையில் வடை வாங்கினேன். சுற்றித் தந்த காகிதத்தில் நீ இருந்தாய். எனக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். எண்ணெய் ஊறி உன் ஒரு பக்கத்துக் கன்னம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மீசை மட்டும் முறுக்குக் குலையாமல் நின்றது. கடைக்கார அம்மாவிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, வாசிம்மா" என்றேன். உன் பிள்ளைகள் கொடுத்த நினைவஞ்சலியாம். "ஊருக்கெல்லாம் தயிர் வார்த்த கை. தங்கையின் உயிர் காத்த தெய்வம்" என்று வாசித்துவிட்டு, "நல்ல மனுசர் போல, தாத்தா. சொந்தமா?" என்று கேட்டாள்.

வடையை நாய்க்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு லில்லி டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். எடுத்த எடுப்பிலேயே பேனாவைத் தூக்கிவிட்டார். "செத்தவருக்கு இப்படியா எழுதுவாங்க, அண்ணே? எங்க சபையில மன்னிக்கச் சொல்லித்தான் தினம் ஜெபம்." "நீங்க உங்க சபையில மன்னிங்க டீச்சர். இங்க எழுதுங்க" என்றேன். சிரித்தபடி எழுதுகிறார். அதனால் இதில் இருக்கும் நல்ல தமிழ் அவருடையது. கோபம் என்னுடையது.

நீ அஞ்சலையின் அண்ணன், நான் அவளைக் கட்டியவன். எழுபதுகள் கழிந்து எண்பதுகள் பிறக்கிற சமயம் எல்லாரும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில்தான் இருந்தோம். அங்கே நல்ல கறவை மாடு உன்னிடம் மட்டும்தான். கோயில் அபிஷேகத்துக்கு உன் பால், அம்மை போட்ட வீட்டுக்கு உன் மோர். லயத்து வீடுகள் வழியாகச் செம்பைத் தூக்கிக்கொண்டு மந்திரி மாதிரி நடப்பாய். "கித்தாப் பால் எவனும் வெட்டுவான் மாப்ள. மாட்டுப்பால் கறக்க என் கை வேணும்" என்பாய்.

அஞ்சலைக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அது உனக்கும் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். அந்த வருடம் மழை விட்டதும் அவளுக்குச் சீதபேதி பிடித்தது, நிற்கவே இல்லை. டவுனில் சீன டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயிற்றில் பூச்சி, அமீபா என்றார். இனிப்பு நீர் இருக்கிற உடம்பில் அது லேசில் போகாது என்றார். அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் செப்புக் காசை நக்கிய மாதிரி வாய் கசக்கும். தின்றதெல்லாம் வெளியே வரும். மறுபடி போய்ச் சொன்னபோது அவர் மலாயில் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாத்திரை வயித்துல இருக்கிற கெட்டதையும் கொல்லும், நல்லதையும் கொல்லும். தைரு சாப்பிட்டா நல்லது திரும்பி வரும், வயிறு தாங்கும். ஆனா பூச்சியைக் கொல்றது மாத்திரைதான். தைரு கூடமாட உதவிக்கு. சீனி மட்டும் சேர்க்காதே."

தயிர் என்றால் உன்னிடம்தானே வர வேண்டும்? வந்தேன். "டாக்டரே என் தயிருக்குச் சீட்டு எழுதிட்டாரா!" என்று நெஞ்சை விரித்தாய். "காசுப் பேச்சு எடுக்காதே. என் தங்கச்சிக்கு நான் குடுக்குறேன்." அன்றைக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விடிகிறபோதே நான் கித்தா மரத்தில் பால் வெட்டப் போய்விடுவேன். நீ தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாய். அது அவளுக்கு மருந்து என்பதால் நான் விரல்கூட வைத்ததில்லை. முதலில் தெம்பாகத்தான் இருந்தாள். மாத்திரை உள்ளே நின்றது, பேதி குறைந்தது. பிறகு ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவள் மூத்திரத்தை அந்த நீல மருந்தில் ஊற்றிச் சூடு காட்டினார். இனிப்பு இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். அன்றைக்குச் செங்கல் நிறம் வந்தது. "என்னம்மா, திருட்டுத்தனமா இனிப்பு தின்றியா?" "இல்லீங்கய்யா." நானும் அவளுக்காகச் சத்தியம் பண்ணினேன். வீட்டில் சீனி டப்பாவே கிடையாது.

நீ என்ன சொன்னாய்? "அந்த மாத்திரைதான் அவளைக் கொல்லுது. தூக்கிப் போடச் சொல்லு. என் தயிரே போதும்." தயிர் கூடமாட உதவிக்குத்தான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எது? என் தயிரா? கூடமாடவா?" உன்னையே எடுபிடி என்று சொல்லிவிட்ட மாதிரி மூஞ்சி கறுத்தது உனக்கு. நான் கித்தாக் காட்டுக்குப் போன நேரம் பார்த்து அவளிடமும் அதையே ஓதியிருக்கிறாய். அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் வெட்டிய கித்தாப் பாலை ஊற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், குசினி வாசலில் கிடக்கிறாள். என்னைப் பார்த்து, யார் என்று கேட்டாள். மூச்சில் அழுகிய பழ வாடை. தோட்டத்து லோரியில் போட்டு கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு இழுத்துப் பிடித்தார்கள். மறுநாள் நீ வந்தாய், கையில் அதே தூக்குச்சட்டி. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஊசி கீசியெல்லாம் சும்மா. இதுதான் என் தங்கச்சிக்கு மருந்து" என்று சொல்லி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய். மலாய்க்கார நர்ஸ் மிஸி ஒருத்தி மூடியைத் திறந்தாள். மஞ்சளாக இருக்கிறதே என்று விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஆவாட் மானிஹ் சங்காட் நி?" என்று கெடாக்காரர் பேச்சில் கேட்டாள். ஏன் இவ்வளவு இனிப்பு என்று. நானும் தொட்டு நக்கினேன். தேத்தண்ணிக்கு ஊற்றுகிற சூசு, மச்சான். இனிப்பு டின் பால். அதைக் கரைத்து உறை ஊற்றியிருந்தாய்.

நேராக உன் கொட்டகைக்கு வந்தேன். மாடு நின்றது. மடி வெறும் பையாகத் தொங்கியது. பின்னால் வைக்கோலுக்கு அடியில் காலி டின்கள்.

"மாடு எப்ப வத்துச்சு மச்சான்?"

"யாரு சொன்னது வத்துச்சுன்னு?"

"மாடே சொல்லுது. குனிஞ்சு பாரு."

"என் தங்கச்சிக்கு நான் நஞ்சு வைப்பேனா?"

"நஞ்சு வைக்கல. சூசு வச்ச."

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினாய். அப்புறம் குரலை இறக்கி, "புளிச்சா இனிப்பு செத்துடும் மாப்ள. அப்படித்தான் நினைச்சேன்" என்றாய். மாடு வற்றிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேனே! அதைச் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை. நான் திரும்பியபோது கையைப் பிடித்துக்கொண்டாய். "அஞ்சலைக்குத் தெரிய வேணாம்." கையை உதறிவிட்டு வந்தேன்.

டவுனில் வங்காளி பால்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் தயிர் வாங்கிச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாத்திரையும் ஊசியும் வேலையைச் செய்தன, தயிர் பக்கத்தில் நின்று உதவியது. அஞ்சலை எழுந்து நடந்தாள். அந்த மாதமே கோயில் திருவிழாவில் நீ மைக்கைப் பிடித்து, "என் தயிர்தான் என் தங்கச்சியை எழுப்புச்சு" என்றாய். கை தட்டினார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடை ஏறி உன் மீசையைப் பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் நீ இல்லை. அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அது டின் பாலுன்னு எனக்குத் தெரியாதா? மொத வாய்லயே தெரியும்."

"தெரிஞ்சேவா தின்னே? செத்திருப்பியேடி!"

"மாடு வத்துனதச் சொல்ல அண்ணனுக்கு வெக்கம். நான் வேணாம்னு தள்ளுனா அது மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கும்? எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அது இந்த வாசப்படி மிதிக்காது." என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து அழுத்தினாள்.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! போன இடமெல்லாம் உன் தயிர்க் கதை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். நான் வெற்றிலையை மென்று துப்புவேன். நெடுங்காலம் கழித்து அவள் கட்டையில் போகிற அன்றுகூட, "ஒருவாட்டி நான் காப்பாத்துனேன். இந்தவாட்டி முடியலையே" என்று மார்பில் அடித்துக்கொண்டாய். அவள் நடுவீட்டில் கிடந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நீயும் இல்லை. மிதிக்க வாசற்படியும் இல்லை, தோட்டத்தையே இடித்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். தங்கையை ஏமாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில்தானே போய்ச் சேர்ந்தாய்? அவள் ஒருநாளும் ஏமாறவில்லை. உன் பொய் ஒவ்வொன்றையும் தெரிந்தேதான் கேட்டாள்.

இதையும் கேள். நான் காய்ச்சி வைத்த கஞ்சியில் ஒரு கல் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவாள் அவள். என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உன் சட்டியை மட்டும் வழித்து வழித்துத் தின்றிருக்கிறாள். ஏன் என்று அவள் இருக்கும்போது கேட்க எனக்கு மானம் விடவில்லை. இன்றைக்கும் கஞ்சி காய்ச்சினால் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன், மச்சான்.