மேடை ஒன்றுக்குக் கேட்ட மூன்று தட்டு

2074 ஜூன் 3, காலை 06:10
தென்துருவக் கடல், மேடை 1. பதிவர்: பெனிட்டா மோத்தா, பயிற்சி மாணவி, தூத்துக்குடி. நாள் 41. நீர் வெப்பம் 2 டிகிரி. 06:00-க்கு நீரடி ஸ்பீக்கரில் திமிங்கல அழைப்பு ஒலித்தது. 06:04-க்குப் பதில் வந்தது. வழக்கம்போல 19 விநாடி. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே நீலத் திமிங்கலம் இன்றும் உயிரோடிருக்கிறது. தனிமையில் அது செத்துவிடக் கூடாதென்றுதான் தினமும் பேச்சுக் கொடுக்கிறோம். கண்ணால் இன்னும் பார்க்கவில்லை, குரலே போதும் என்கிறது என்னை இங்கே அனுப்பிய நிறுவனம்.

ஜூன் 5, 06:40
ஸ்பீக்கர் செத்துப்போச்சு. வயரில் உப்பேறிவிட்டது, மாற்று இல்லை. நிறுவனத்தின் பதில்: "எப்படியாவது அழைப்பைத் தொடரவும். திமிங்கலம் இருக்கும்வரைதான் இந்தக் கடலில் நமக்கு உரிமம்." ஸ்பீக்கர் அனுப்ப வக்கில்லை, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஸ்பானரால் மேடையின் இரும்புக் காலில் தட்டினேன். கை தானாக அப்பா படகில் தட்டுவதுபோல ரெண்டு தட்டியது. அப்பா சங்கு குளிக்கக் கடலுக்கு அடியில் இறங்கினால் மேலே இருப்பவர்கள் படகில் ரெண்டு தட்டுவார்கள், மேலே வா என்று. கீழேயிருந்து ஒரு தட்டு வந்தால் வர்றேன். மூணு வந்தால் காற்று பத்தல, இழு. எங்க படகு ஆட்களைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

06:52. நீரடி மைக்கில் ஒரு தட்டு.

ஜூன் 6, 11:20
மூணு தட்டு. நிறுத்தி, மறுபடி மூணு. மூணு நான் தட்டவே இல்லையே!

மைக் காட்டும் திசையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் நிலையம் 2. மூடிவிட்டதாக வரைபடம் சொல்கிறது. நிறுவனத்திடம் கேட்டேன். "திமிங்கலங்கள் கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும். நல்ல கண்டுபிடிப்பு, வாழ்த்துகள்."

எங்க தெரு ரெக்ஸன் மச்சாடு அண்ணன் லீவுக்கு லீவு அப்பா படகில் சங்கு குளிக்க வருவார், அந்தத் தட்டு அவருக்கும் தெரியும். போன வருஷம் இதே பயிற்சிக்கு வந்தவர். முடித்துவிட்டார், இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். மாதாமாதம் அவங்க அம்மாவுக்கு மெயில் வருது. அதைத் தெருவெல்லாம் காட்டிச் சந்தோஷப்படுவாங்க.

ஐயோ மாதாவே. நாப்பது நாளா நான் செல்லம், தங்கம்னு கொஞ்சின திமிங்கலம் ரெக்ஸன் அண்ணனா? என் ஸ்பீக்கர் சத்தத்தைத் திமிங்கலம்னு நம்பி, அவரும் அங்கே ஒரு ஸ்பீக்கரில் பதில் கொடுத்துப் பதிவு எழுதியிருப்பார்.

ஜூன் 8, 15:05
இங்கே படகு கிடையாது. நிறுவனத்தின் கப்பல் வந்தால்தான் உண்டு. இந்தத் தண்ணியில் நீந்தினால் பத்து நிமிஷத்தில் நானும் காலி. ஒன்பது தடவை செய்தி அனுப்பினேன்: கீழே ஆள் இருக்கு, காற்று தீருது. ஒரே பதில்: "மாணவர்கள் உணர்ச்சிவசப்படுவது இயல்பு."

நாசமாப் போறவனுங்க. தட்டு ரெண்டாகக் குறைஞ்சிருச்சு. மூணாவது தட்ட அவருக்குத் தெம்பில்ல. கை கிழிஞ்சு ரத்தம் வர வர நானும் தட்டிக்கிட்டே இருக்கேன்.

ஜூன் 9, 06:05
தட்டு இல்லை. ஆனா 06:04-க்குத் திமிங்கலம் பேசிச்சு. 19 விநாடி, ஒரு விநாடி கூடல குறையல. டைமர் வச்ச மெஷின். அதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவில் கையெழுத்துப் போட ஒரு பிள்ளை வேணும், அவ்வளவுதான்.

செய்தி: "பார்த்தீர்களா, திமிங்கலம் நலம். நிலையம் 2-இல் இடம் காலியாகியுள்ளது, அது உங்களுக்கு. நாளை கப்பல் வரும். மேடை 1-க்குப் புதிய மாணவி வருகிறார்."

மூடின நிலையத்தில் இடம் எப்படிலே காலியாகும்?

ஜூன் 10, 07:30
கப்பல் தெரியுது. அதில் ஏறலன்னா ஊருக்குப் போக வேற வழியில்ல. ஏறினா எங்க இறக்குவாங்கன்னு தெரியும். அண்ணன் இருக்காரான்னு பார்க்கவாவது போகணும்.

இந்தப் பதிவை இனி உனக்கு வரப்போற மெத்தைக்கு அடியில் வைக்கிறேன், புதுசா வர்ற தங்கச்சி. புது ஸ்பீக்கர் தருவாங்க. அதை உடை. ஸ்பானர் அடுப்புக்குப் பின்னால இருக்கு, அதை எடுத்து இரும்புக் காலில் ரெண்டு தட்டு தட்டு. கீழேயிருந்து மூணு வந்தா அது நான்தான். அப்புறம் எங்க அம்மாவுக்கு எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிரு: என் பேரில் மெயில் வரும், நம்ப வேண்டாம்.