முதுகோடு முதுகாக

9-10-66, ஞாயிறு

தம்பி ஞானசேகரன் சாப்பிட வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறானா? “மாமா, மிலிட்டரில நீங்க சப்பாத்தி போட்டீங்களா, ரேடியோவுக்கு பேட்டரி போட்டீங்களா?” என்றான். இவர் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பர்மாச் சண்டையில் குண்டு போடும் விமானத்தில் பறந்த மனுஷன்! பைலட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒயர்லெஸ்ஸும் பார்த்து, துரத்தி வரும் விமானத்தைச் சுடுகிற வேலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவ்வளவுதான் எனக்கே தெரியும். சிதம்பரத்துக்கு இவர் கீழ வீதி ரேடியோ ரிப்பேர்காரர், அவ்வளவுதான்.

12-10-66

கடலூரில் பழைய போர்வீரர்களுக்கு விழா எடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டு, இவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். விழாக் குழு குமாஸ்தா கேட்டார், “பைலட்டா?”

“இல்லிங்க. பின்னால துப்பாக்கி.”

“அப்ப கூடப் போனவரு.”

அப்படியே எழுதியும் விட்டார். ‘உடன் சென்றவர்.’ கல்யாணத்துக்கா போனார், உடன் செல்ல?

செயலாளர் ரஃபியுதீன் நல்ல மாதிரி. கப்பல்படையில் இருந்தவராம். “கோவப்படாதீங்கக்கா. எத்தினி தடவை பறந்தாருன்னு அத்தாட்சி குடுங்க, நானே எழுதுறேன்” என்றார்.

16-10-66

டிரங்குப் பெட்டியில் லாக் புத்தகம் கிடைத்தது! பறந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் இவர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். “அப்புறம் பாக்கலாம் மலரு.”

விழாவைப் பற்றிச் சொன்னேன்; வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. புத்தகம் கிடைத்ததென்று ரஃபியுதீனுக்குக் கார்டு போட்டேன்.

22-10-66, சரஸ்வதி பூஜை (காலண்டர் தாளில்)

டைரி பூஜையில் இருக்கிறது. இன்றைக்கு எழுதவே கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. தாயே, மன்னித்துவிடு.

மதியம் ரஃபியுதீன் வந்து நின்றார். “பட்டியல் இன்னிக்கே அச்சாபீசுக்குப் போவுதுக்கா. அந்தப் புக்கு?”

புக்கா! பெருமை தாங்காமல் நானே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் அடுக்கியிருக்கிறேன். மாமியார் குறுக்கே வந்துவிட்டார். “நாளைக்குக் காலைல மறுபூசை முடியாம யாரும் தொடக்கூடாது.”

“வேணாம்மா, தொடவேணாம்” என்று ரஃபியுதீன் எழுந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் இவர், “உக்காருங்க தம்பி. எழுதிக்குங்க” என்றார்.

சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். தேதி, விமான நம்பர், எந்த இடம், எவ்வளவு நேரம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது! சுண்டல் ஆறிப்போனது, கரண்டியும் கையுமாக நின்றுகொண்டே இருந்தேன். நாற்பத்து மூன்று தடவை. இந்த மனுஷனோடா நான் குடித்தனம் நடத்துகிறேன்?

23-10-66

மறுபூஜை முடிந்ததும் முதலில் லாக் புத்தகத்தைத்தான் எடுத்தேன். ஒரு நிமிஷம் கூடத் தப்பில்லை. ஆனால் புத்தகத்தில் நாற்பத்து நான்கு இருக்கிறது. கடைசி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

கேட்டேன். புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கி பைலட் மித்ராவுக்குக் குண்டு பட்டுடுச்சி. ப்ளேனைத் தரையில எறக்கிட்டுத்தான் உசுர விட்டாரு. நான் இன்னிக்கி உக்காந்து சுண்டல் துன்னுக்கினு இருக்கேன். அத எப்படி மலரு என் பேருல எழுதறது?”

அழுதேன்.

24-10-66

வேலை. வீடு.

20-11-66, கடலூர்

நல்ல மழை. மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. ‘விமானத் துப்பாக்கி வீரர், 43 முறை பறந்தவர்’ என்று ரஃபியுதீன் வாசித்துச் சால்வை போட்டார். குமாஸ்தா முகத்தை நான் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன்.

இவர் இறங்கி வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“நாப்பத்திநாலு தம்பி. ஒன்ன நான் சொல்லல. அதுல என்னை உசுரோட எறக்கிட்டுச் செத்தவரு பேரு மித்ரா. கல்கத்தாக்காரரு. அவருக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல. அவரையும் எழுதிக்குங்க.”

ரஃபியுதீன் எழுதினார். பிறகு எழுந்து நின்று, இரண்டு பெயர்களையும் சேர்த்து மறுபடி வாசித்தார். சபை கை தட்டியது. இவரும் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார்.