கோபமில்லை, உறக்கம்தான்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் அம்ஹாவும் உம்மாவும் சுகம். அந்தக் கத்தார் வெயிலில் உங்களுக்கும் சுகம் வேண்டி துஆ கேட்கிறேன். ஃபோன் இருக்க இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். வாய்ஸ் போட்டால் உங்கள் அறையில் படுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்தல்லவா கேட்பார்கள்! பக்கத்து வீட்டு றிபாவின் மாப்பிள்ளை லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் தந்தனுப்புகிறேன்.

இரவில் உங்கள் ஃபோன் கோலுக்கு நான் பதில் சொல்வதில்லை, என் மேல் கோபமா என்று போன கிழமை பகலில் எடுத்துக் கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுகை வந்தது. கோபமே இல்லை மச்சான். நான் உறங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனது தெரியாது. மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான், வரும் நோன்பும் பிடிக்க முடியாது என்றார் கிளினிக் டொக்டர் ஸம்றா. ஊசிக்கு நான் பயப்படவில்லை. நோன்பைச் சொன்னதும் உட்கார்ந்திருந்த கதிரையிலேயே உடைந்துபோனேன்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எப்போது உறங்குவீர்கள் என்று கேட்டார், தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை முடிந்து கோல் எடுக்கும்போது இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அதுவரை விழித்திருந்து, உங்களோடு கதைத்து, அந்தச் சந்தோஷத்தில் பசி வந்து பிஸ்கட் பக்கெட்டைக் காலி செய்து, கண்ணை மூடினால் விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லிவிடும். மாப்பிள்ளையோடு கதைக்க விழித்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? உங்கள் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். வாப்பா கோல் எடுக்கும்வரைக்கும் உம்மா உறங்கிறல்ல டொக்டர் என்றாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

டொக்டர் சிரிக்கவில்லை. உறக்கம் குறைந்தால் உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகலாம், பசியும் கூடும் என்றார். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் மருந்தோடும் நடையோடும் உறக்கத்தையும் சரிசெய்து பாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து இரவில் இஷா தொழுததும், ஃபோனைக் காது மந்தமான உம்மாவின் அறையில் வைத்துவிட்டுப் படுத்தேன். முதல் கிழமை உறக்கம் எங்கே வந்தது! உங்கள் கோல் அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எழும்பி ஓட மனம் துடித்தது. பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. உங்களிடம் சொன்னால் கோல் எடுப்பதையே நிறுத்திவிடுவீர்களோ என்று பயம், அதனால்தான் சொல்லவில்லை.

நேற்று ரிப்போர்ட் வாங்கக் கல்முனைக்குப் போனோம். சீனி இறங்கியிருக்கிறது மச்சான்! இப்போதைக்கு ஊசி வேண்டாமாம். இப்படியே இருந்தால் நோன்பும் பிடிக்கலாம், அதற்கு முன் ஒருதரம் வந்து காட்டுங்கள் என்றார் டொக்டர். வரும் வழியில் பஸ்ஸிலேயே அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அம்ஹா முகத்தை மூடிக்கொண்டாள்.

இனி நீங்கள் வேலைக்குப் போகுமுன் எடுங்கள். அந்த நேரம் இங்கே நான் சோறு ஆக்கிக்கொண்டிருப்பேன். உங்கள் அறையில் எல்லோரும் விழித்திருப்பார்கள், நடுச்சாமத்தில் கதைத்ததெல்லாம் கதைக்க முடியாது. பரவாயில்லை, இன்றைக்கு என்ன கறி என்று கேளுங்கள். மற்றதை நான் விளங்கிக்கொள்வேன்.

நான் விழித்திருந்த நேரமெல்லாம் நீங்களும்தானே விழித்திருந்தீர்கள்? உங்கள் வாப்பாவுக்கும் சீனி இருந்தது. அங்கே ஒருதரம் ரத்தம் சோதித்துப் பாருங்கள். அதனால் இம்முறை இனிப்பான தொதல் இல்லை, முறைக்க வேண்டாம். அதற்குப் பதில் உறைப்பாக மாசிச் சம்பல் அனுப்பியிருக்கிறேன்.

வல்ல நாயன் உங்கள் கண்களுக்கு நிம்மதியான உறக்கத்தைத் தரட்டும். நானும் இப்போது அடித்துப்போட்ட மாதிரி உறங்குகிறேன். உம்மாவுக்கு அலாரம் கேட்காது, அம்ஹா என்னைவிட மோசம். வரும் நோன்பில் விடியுமுன் சஹர் சாப்பிட என்னை எழுப்பிவிட வீட்டில் ஓர் ஆள் வேண்டும் மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்மிலா