உதிர்ந்த நாலு இதழ்கள்

உமாக்குட்டி,

உன் பியோனிப் பூக்கள் இப்போது என் சாப்பாட்டு மேஜையில் சாய்ந்து நிற்கின்றன. நீ வரைந்த படத்தைத்தான் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் ரகு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய் ஆறு நாளாகிறது. வருகிற சனிக்கிழமை உனக்கு வருஷத் திதி. அன்றைக்கு அதை உன் போட்டோ பக்கத்தில் மாட்ட வேண்டுமாம்.

அதற்கு முன் என்னிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறார். ஜாடிக்குக் கீழே, மேஜை விரிப்பில் உதிர்ந்து கிடக்கிற நாலு இதழ்களையும் பெயின்ட் அடித்து மறைத்துவிட வேண்டும். "வாடி விழுந்த பூவ உமா போட்டோகிட்ட வைக்க மனசு வரல கோமதி. நாலே இதழ்தானே, நீங்க கூடவே கிளாஸுக்குப் போனவங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வெஸ்ட் வின்ட்சர் ஊரில் நாம் போன அந்தச் சனிக்கிழமை ஓவிய வகுப்பு நினைவிருக்கிறதா? இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் போல, வெளிச்சம் மாறுவதற்குள் பூக்களை வரையச் சொன்னார்கள். இதழ்கள் உதிர்ந்ததும், பழக்க தோஷம், சாமி அலமாரியைத் துடைப்பதுபோல் அவற்றைத் திரட்டப் போனேன். "ஏய் கோமுக்கா, கைய எடு. பூஜையா பண்றோம் இங்க?" என்று அதட்டினாய். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த நாலும்தான் இவை.

ஆனால் ஆஸ்பத்திரியில் யாரோ அனுப்பிய பூங்கொத்தை எடுத்துப் போகச் சொன்னதும் நீதானே? "உதிர்றதுக்குள்ள கொண்டு போயிடு கோமுக்கா, என்னால பாக்க முடியல." நான் எந்த உமாவின் பேச்சைக் கேட்பது? வரைந்தவள் பேச்சையா, படுக்கையில் கிடந்தவள் பேச்சையா?

நேற்று மதியம் துணிந்து விரிப்பின் வெள்ளையைக் கலந்தேன். சேரவே இல்லை. நீ வெள்ளையே வைக்கவில்லை, உமா. நீலம், கொஞ்சம் பச்சை, எங்கு பார்த்தாலும் இதழின் ரோஸ். ஜாடியின் அடிவயிற்றில்கூட அது ஏறியிருக்கிறது. நாலு இதழை மறைத்துவிட்டால் அந்த நிறமெல்லாம் எங்கிருந்து வந்ததாகும்? பிறகு ஜாடி, விரிப்பு என்று எதுவரை அழித்துக்கொண்டு போவேன்?

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். மறைக்காமல் விட்டது உன் விருப்பமா, என் பயமா, இன்னும் தெரியவில்லை.

நாளைக்கு ரகுவிடம் நானே சொல்கிறேன். கோபப்பட்டால் வாங்கிக்கொள்கிறேன். உன் போட்டோ பக்கத்தில் வேண்டாம் என்றால், அவரால் பார்க்க முடிகிற நாள் வரும்வரை இது என் வீட்டுச் சுவரில் இருக்கும். அதுவரை இதன்மேல் யார் தூரிகையும் படாது, என்னுடையதும்தான்.

எட்டே மாதம் மூத்தவள் என்பதற்காக நீ அக்காவாக்கிவிட்ட
கோமதி